நின்று நின்று ஓடினால் லாபம்

மதுரைக்குத் தெற்கே, நாற்கரச் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி நாழிப்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊரில் முட்டாள்களே கிடையாது. யாரைக் கேட்டாலும் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். அப்படிச் சத்தியம் பண்ணுகிறவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் கீழவீட்டு அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவர் வெள்ளைச்சாமி, அடுத்தவர் சோணைமுத்து, கடைக்குட்டி குருநாதன்.

கீழவீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளானாலும் முதலில் ஒத்திகை பார்த்து, லாப நஷ்டம் தெரிந்த பிறகுதான் வாங்குவார்கள். எருமை வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது குருநாதனைப் பதினைந்து நாள் கொட்டகையில் கட்டிப்போட்டுத் தவிடும் பருத்திக்கொட்டையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மூட்டை பருத்திக்கொட்டை காலியானது. ஒரு ஆழாக்குப் பால்கூடக் கிடைக்கவில்லை. எருமை வளர்ப்பது நஷ்டம் என்று அன்றே முடிவாகி, இன்றுவரை அந்த வீட்டில் பாக்கெட் பால்தான். குருநாதனுக்கு மட்டும் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

இந்தக் கதை சோணைமுத்துவின் மடியைப் பற்றியது.

சோணைமுத்துவுக்கு வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்கள். "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள் பெண் வீட்டார். அவர்கள் யோசித்து முடிக்கட்டும் என்று இன்னமும் காத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் மகன் காலேஜில் சேர்ந்துவிட்டான் என்று யாரோ வந்து சொன்னதற்கும், "நிதானமா யோசிக்கிறாங்க, நல்ல குடும்பம்" என்றுதான் சொன்னார்.

பிள்ளை குட்டி இல்லாத மனிதர். அதனால் மதுரையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கை பாண்டீஸ்வரியின் பிள்ளைக்குக் காது குத்தும்போது, தாய்மாமனாகத் தன் மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அண்ணனும் தம்பியும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்தார்கள். மடி சோணைமுத்துவினுடையது என்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது.

தங்கையின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது மூன்று பேரும் சீர்த்தட்டோடு பஸ் ஏறினார்கள். "உள்ளே போ, உள்ளே போ, போய்க்கிட்டே இரு" என்றார் கண்டக்டர். முன்வாசலில் ஏறியவர்கள் சொன்னபடி உள்ளே போனார்கள். போய்க்கொண்டே இருந்ததில் பின்வாசல் வழியாக இறங்கிவிட்டார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸிலும் அதே மாதிரிக் கண்டக்டர்தான். மதுரைக்கு வடக்கே மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நல்ல நேரம் தப்பக் கூடாதென்று, வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவர் மடியில் பையனை உட்கார வைத்துக் காது குத்தி முடித்திருந்தார்கள். சோணைமுத்து அன்றைக்குக் கோயில் தூணைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஊரே பார்த்தது.

அதற்கப்புறம் மூன்று வருஷம் கழித்து ஆடி மாதத்தில் பாண்டீஸ்வரி போன் பண்ணினாள்.

"அண்ணே, ஆவணி கடைசி ஞாயித்துக்கிழமை இனியாவுக்குக் காது குத்து. அதே கோயில். ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள. இந்தவாட்டியும் நீங்க வரலேன்னா, பிள்ளையை என் கொழுந்தன் மடியில உக்கார வச்சிருவேன். அப்புறம் என்னையச் சொல்லாதீங்க."

கொழுந்தன் மடியில் ஒரு தடவை உட்கார்ந்த பிள்ளை அப்புறம் யாரை மாமா என்று கூப்பிடும் என்று சோணைமுத்துவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நாற்கரச் சாலைக்கு நிலம் போனதில் வந்த பணம் பாங்கில் கிடந்தது. வெள்ளைச்சாமி எழுந்து துண்டை உதறினார்.

"கார் வாங்கிருவோம். காருல ஒரு சௌகரியம். உள்ளே போ, உள்ளே போன்னு சொல்ல ஆள் கிடையாது."

மறுநாளே மூன்று பேரும், வெள்ளைச்சாமியின் மனைவி பேச்சியம்மாளும் மதுரையில் ஒரு ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே ஜெபராஜ் என்று ஒரு விற்பனைக்காரர். முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, தங்கமான மனுஷர். அன்று காலைவரை தலைவலி என்றால் என்னவென்று அறியாதவர்.

"சார், இது சாதாரண பெட்ரோல் வண்டி. பக்கத்துல நிக்கிறது ஹைப்ரிட். அதுல பெட்ரோல் என்ஜினும் உண்டு, கரண்ட் மோட்டாரும் உண்டு. தேவைக்குத் தகுந்த மாதிரி ரெண்டும் தானா மாறி மாறி வேலை செய்யும். விலை மட்டும் நாலு லட்சம் கூட" என்றார் ஜெபராஜ்.

"ரெண்டும் சேர்ந்து வேலை செய்யுமா?" என்று கேட்டார் வெள்ளைச்சாமி.

"சில நேரம் சேர்ந்து செய்யும் சார். சில நேரம் ஒண்ணு மட்டும் செய்யும்."

"அப்ப இன்னொண்ணு?"

"சும்மா இருக்கும் சார்."

"சும்மா இருக்கறதுக்கு யாரு கூலி குடுக்கறது?"

"அதுக்குத்தாண்ணே அந்த நாலு லட்சம்" என்று குருநாதன் அண்ணன் காதில் விளக்கினான்.

வெள்ளைச்சாமி தாடையைத் தடவிக்கொண்டார். "தம்பி, எங்க வீட்ல நாங்க மூணு பேரு. இவன் தண்ணி பாய்ச்சுவான்னு அவனும், அவன் பாய்ச்சுவான்னு இவனும் இருந்து போன வருசம் நெல்லு காஞ்சு போச்சு. இது ரெண்டும் அப்படி இருந்துராதுன்னு என்ன நிச்சயம்?"

"அதெல்லாம் உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் பாத்துக்கும் சார்."

"ஓஹோ, மேஸ்திரியும் உண்டா" என்றார் வெள்ளைச்சாமி. அவருக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

ஓட்டிப் பார்க்கலாம் என்று ஜெபராஜ் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு பட்டனை அமுக்கினார். சத்தமே வரவில்லை. "ஸ்டார்ட் ஆயிருச்சு சார்" என்றார். கீழவீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், ஸ்டார்ட் ஆகாத வண்டியை விற்க வந்திருக்கிறார், பிழைப்பு அப்படி. மானத்தைக் கெடுக்க வேண்டாம் என்று மூன்று ஆண்களும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பைபாஸ் ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓடினார்கள். ஜெபராஜ் கண்ணாடியில் பார்த்து நிறுத்தி இறங்கி வந்தார்.

"நல்லா போகுது தம்பி" என்றார் சோணைமுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே. "தள்றதுக்கும் லேசா இருக்கு."

ஜெபராஜ் எல்லோரையும் நிழலுக்குக் கூட்டிப்போய் நிதானமாக விளக்கினார். இந்த வண்டியில் பிரேக் போட்டால் வீணாகப் போகிற சக்தி திரும்ப உள்ளே வந்துவிடும். அதனால் டவுனுக்குள் நின்று நின்று போகிறவர்களுக்குத்தான் இது லாபம். நெடுஞ்சாலையில் நேராகப் போகிறவர்களுக்கு அவ்வளவு லாபம் தெரியாது. சொன்னதெல்லாம் சரியாகத்தான் சொன்னார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

"குடும்பத்தோட ஒண்ணா உக்காந்து யோசிங்க சார். எவ்வளவு ஓட்டுவீங்க, எங்க ஓட்டுவீங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று முடித்தார்.

நாலு பேரும் ஷோரூம் சோபாவில் ஒன்றாக உட்கார்ந்து யோசித்தார்கள். மத்தியானம் ஆனது. ஏசிக் குளிருக்குப் பேச்சியம்மாள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு யோசித்தாள். சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜெபராஜ் வந்து நின்றார்.

"சார், வீட்ல போய் யோசிக்கலாம்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார் வெள்ளைச்சாமி. "பாதி யோசனையில எந்திரிக்க வச்சுட்டீங்களே."

வீட்டுக்கு வந்ததும் ஒத்திகை ஆரம்பமானது. நெல் அடிக்கிற களத்தில் சுண்ணாம்புத் தூளால் இரண்டு கார் வரைந்தார்கள். வலது பக்கம் பெட்ரோல் கார், இடது பக்கம் ஹைப்ரிட். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், அதுதான் பெட்ரோல். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு களத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும். இதுவரைக்கும் நானே குறை சொல்ல மாட்டேன்.

பெட்ரோல் காரை வெள்ளைச்சாமி ஓட்டினார். வாயால் புர்ர்ர் என்று சத்தம் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். ஹைப்ரிட்டைக் குருநாதனும் சோணைமுத்துவும் ஓட்டினார்கள். குருநாதன் பெட்ரோல், சோணைமுத்து கரண்ட். அந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது என்பதால் வாயை இறுக மூடிக்கொண்டு ஓடினார்கள்.

பிரேக் போட்டால் போனது திரும்பி வரும் என்று ஜெபராஜ் சொல்லியிருந்தார். எவ்வளவு வரும் என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்தது ஒரே டம்ளர். ஆகவே ஒரு பிரேக்குக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டார்கள். பத்து எட்டுக்கு ஒரு தடவை குருநாதன் "பிரேக்" என்று நிற்பான். சோணைமுத்து குழாயடிக்கு ஓடி ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து குடத்தில் ஊற்றுவார். பேச்சியம்மாள் சுவரில் கரியால் கோடு போட்டாள்.

பொழுது இறங்குவதற்குள் பெட்ரோல் காரின் குடம் காய்ந்து கிடந்தது. ஹைப்ரிட் குடம் நிரம்பி வழிந்து, பக்கத்தில் ஒரு அண்டாவும் நிரம்பி, மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றினார்கள். வெள்ளைச்சாமிக்கு வேறு தொண்டை கட்டிவிட்டது. மிளகும் பனங்கற்கண்டும் வாங்கிய செலவு பெட்ரோல் கார் பக்கம் ஏறியது.

வெள்ளைச்சாமி கட்டைக் குரலில் தீர்ப்புச் சொன்னார். "ஜெபராஜ் தம்பிக்கே விவரம் தெரியலப்பா. இது பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற வண்டின்னு விக்கிறாரு. இது பெட்ரோல் குடுக்கிற வண்டி. ஒரு நாளைக்கு ஒரு அண்டா."

சோணைமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. கால் வலித்ததால் வந்த சந்தேகம். "ஏண்ணே, நம்ம குடத்துக்குத் தண்ணி குழாயில இருந்து வந்துச்சு. கார்ல பெட்ரோல் எங்கயிருந்து வரும்?"

"பிரேக்ல இருந்து."

"பிரேக்குக்கு எங்கயிருந்து வரும்?"

வெள்ளைச்சாமி தம்பியை இரக்கத்தோடு பார்த்தார். "நம்ம வீட்டுக் குழாய்க்குத் தண்ணி எங்கயிருந்து வருதுன்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கோமா?"

கேட்டதில்லை. சோணைமுத்து ஒப்புக்கொண்டார். எருமை விஷயத்தில் தப்பாத ஒத்திகை இதிலா தப்பப் போகிறது.

நாலு லட்சம் கூடக் கொடுத்து ஹைப்ரிட்டையே வாங்கினார்கள். உபரியாக வரப்போகும் பெட்ரோலைப் பிடித்து வைக்க இரண்டு நீல டிரம்மும் வாங்கினார்கள். மினி லாரி ஓட்டிப் பழகி லைசென்ஸ் வைத்திருந்த குருநாதனிடம் சாவியைக் கொடுத்தார்கள். ஜெபராஜ் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பினார். அவருக்கு அன்று விற்ற சந்தோஷத்தைவிட அனுப்பிய சந்தோஷம் பெரிது.

சோணைமுத்து இதற்கிடையில் மடிக்கும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தினம் சாயங்காலம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பத்துக் கிலோ பூசணிக்காய் ஒன்றை மடியில் வைத்து, அது திமிறாமல் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சமாதானம் சொல்லிப் பழகினார். பூசணிக்காய் ஒரு நாளும் அழவில்லை. ஒரு தடவை அவருக்குத்தான் கண் கலங்கியது. கொழுந்தன் மடியை நினைத்துவிட்டார்.

ஆவணி கடைசி ஞாயிறு வந்தது. காலை ஆறு மணிக்கெல்லாம் வண்டி கிளம்பியது. டிக்கியில் இரண்டு டிரம் நின்றதால் சீர்த்தட்டுகளுக்கு இடமில்லை. வெள்ளைச்சாமியின் மடியில் பழத்தட்டும் பட்டுப்பாவாடைத் தட்டும், பேச்சியம்மாளின் மடியில் தேங்காய்த் தட்டும் வெற்றிலைத் தட்டும். முன்சீட்டில் சோணைமுத்து ஜம்மென்று சலவை வேட்டியில் காலியான மடியோடு உட்கார்ந்திருந்தார். தூசி படாமலிருக்க மடிமேல் ஒரு துண்டு விரித்திருந்தார்.

நாற்கரச் சாலையில் வண்டி எண்பதில் வழுக்கிக்கொண்டு போனது. கோயில் இன்னும் எழுபது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். சோணைமுத்துவுக்கு மனசு நிறைந்திருந்தது.

திடீரென்று பேச்சியம்மாள் பின்னாலிருந்து கேட்டாள். "ஏங்க, கிளம்பி இவ்வளவு நேரமாச்சு, ஒரு பிரேக்குகூடப் போடலையே."

குருநாதன் கண்ணாடியில் மதினியைப் பார்த்தான்.

"ஆமா மதினி, ரோடு காலியா கிடக்கு. எதுக்குப் பிரேக் போட?" என்றான் குருநாதன்.

"அப்ப நஷ்டத்துல போய்க்கிட்டிருக்கோம்" என்றார் வெள்ளைச்சாமி. "இப்படியே போனா நாம பெட்ரோல் கார்ல போற மாதிரிதான். நாலு லட்சம் தண்டம்."

சரியாக அந்த இடத்தில் சாலை பிரிந்தது. நேரே போனால் பைபாஸ், மதுரையைத் தொடாமல் கோயிலுக்குப் போய்விடும். இடது பக்கம் திரும்பினால் டவுன். குருநாதன் ஓரமாக நிறுத்தினான்.

"டவுனுக்குள்ள விடு. நின்னு நின்னு போவோம்" என்றார் வெள்ளைச்சாமி.

"நேரமாயிராதாண்ணே" என்றார் சோணைமுத்து. துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மணி ஏழுகூட ஆகல. ஒன்பதுக்குள்ள தாண்ட முடியாத டவுனா? தங்கச்சி வீட்டு விசேசத்துக்கு நஷ்டத்துல போய் இறங்கினா, நாளைக்கு அவளுக்குத்தாண்டா பேரு கெடும்."

தங்கைக்குப் பேர் கெடும் என்றதும் சோணைமுத்து சரியென்று தலையாட்டினார்.

டவுனுக்குள் போனால் அங்கேயும் ரோடு காலி. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, கடைகள் பூட்டிக் கிடந்தன. சிக்னல்கூட மஞ்சளாகக் கண் சிமிட்டிக்கொண்டு சும்மா இருந்தது. நெரிசலைத் தேடி நாலைந்து தெரு சுற்றினார்கள். மார்க்கெட்டுக்குப் போனார்கள், பஸ் ஸ்டாண்டை இரண்டு தடவை வலம் வந்தார்கள். ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, இங்க டிராபிக் ஜாம் எங்க கிடைக்கும்?" என்று வெள்ளைச்சாமி விசாரித்தார். கடைக்காரர் இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பதால் யோசித்து, "ஆத்துப் பாலத்துல சில நேரம் இருக்கும்" என்றார்.

ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் ரோடு ஒடுக்கமானது. போகிற வண்டி ஒன்று, வருகிற வண்டி ஒன்று, அவ்வளவுதான் இடம். அங்கேயும் அன்று நெரிசல் இல்லை. அப்போது மணி எட்டு.

குருநாதனுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "அண்ணே, ஒத்திகையில நமக்கு முன்னாடி எந்த வண்டி நின்னுச்சு? நாமளாத்தானே பத்து எட்டுக்கு ஒருக்கா நின்னோம்?"

வெள்ளைச்சாமி தம்பியின் முதுகில் தட்டினார். எருமைக்குப் போட்ட பருத்திக்கொட்டை வீண் போகவில்லை என்று அவருக்கு அன்றைக்குத்தான் பட்டது.

பாலத்தின் மேல் பத்தடி போவது, நிற்பது. பத்தடி போவது, நிற்பது. ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஒரு பச்சை அம்பு திரும்பி ஓடியது. அம்பு திரும்பும்போதெல்லாம் பேச்சியம்மாள் குலவை போட்டாள். பின்னால் ஓர் ஆட்டோ நின்றது. ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு பால் வண்டி, அப்புறம் ஒரு டவுன் பஸ், அப்புறம் ஒரு கல்யாண வேன், அப்புறம் கண்ணுக்கெட்டிய மட்டும். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். "பாத்தியா, எல்லாருக்கும் சந்தோசம்" என்றார் வெள்ளைச்சாமி. பொறுமை இழந்த பஸ்காரர் வலது பக்கமாக முந்தப் பார்த்தார். எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்துவிட்டது. லாரி ஒடித்துத் திருப்பியதில் காரின் வழியையும் மறித்து, இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. லாரிக்குப் பின்னால் இன்னொரு வரிசை. ஒரு வழியாக ஆற்றுப் பாலம் முழுசாக அடைபட்டது.

இப்போது பத்தடிகூட நகர முடியவில்லை. எதிரே லாரி, பக்கத்தில் பஸ். பச்சை அம்பு ஓடுவதை நிறுத்திவிட்டது.

மணி ஒன்பதானது. ஒன்பதரை ஆனது. சோணைமுத்து கடிகாரத்தைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். நாற்பது நாள் பூசணிக்காய் வைத்துப் பழகிய மடி. இதற்குள் கொழுந்தன் அங்கே சம்மணம் போட்டிருப்பான்.

"இறங்கி ஓடிரு சோணை" என்றார் வெள்ளைச்சாமி. "பாலத்தைத் தாண்டினா ஏதாச்சும் வண்டி கிடைக்கும். ஓடு."

சோணைமுத்து கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். உடனே உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எந்திரிச்சா மடி போயிருதேண்ணே."

மற்ற மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். உட்கார்ந்தால் இருக்கிறது, எழுந்தால் காணோம். விடியற்காலையிலிருந்து துண்டு போட்டுப் பாதுகாத்து வந்ததை இப்படி நடு ரோட்டில் விட்டுவிட்டு வெறும் ஆளாகப் போய் என்ன பிரயோஜனம்? சீட்டோடு கழற்றித் தூக்கிப்போக முடியுமா என்று குருநாதன் குனிந்து பார்த்தான். ஸ்பானர் இல்லை. சோணைமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அந்த நேரம் வெளியே ஒரு பொம்பளைக் குரல் பஸ்ஸையும் பால் வண்டியையும் தாண்டிக்கொண்டு வந்தது.

"எந்தக் கூறுகெட்டவன் ரோட்டை அடைச்சு வச்சிருக்கான்? பிள்ளைக்குக் காது குத்தப் போய்க்கிட்டிருக்கோம், நல்ல நேரம் போகுது. எவன்டா அது, மூஞ்சியைப் பாக்கணும் நான்."

சோணைமுத்து துண்டை விலக்கிப் பார்த்தார். ஜன்னலில் பாண்டீஸ்வரி. இடுப்பில் குழந்தை இனியா. பின்னால் மாப்பிள்ளை தங்கப்பாண்டி, கொழுந்தன், நகைப்பெட்டியோடு ஆசாரி. கல்யாண வேன் என்று நினைத்தது அவர்களுடைய வேன்தான். எட்டே காலிலிருந்து அதிலேயே உட்கார்ந்து வெந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

பாண்டீஸ்வரி வாய் திறந்தபடி நின்றாள். பிறகு, "அண்ணே, வந்துட்டீங்களா" என்றாள். அழுதாள். அண்ணன்கள் ஒரு விசேஷத்துக்கு நேரத்துக்கு வந்திருப்பது அவள் பிறந்து இதுதான் முதல் தடவை.

"மணி பத்து பத்து" என்றார் ஆசாரி. அவர் காரியத்தில் கண்ணானவர். "இனிமே கோயிலுக்குப் போறது நடக்காது. பிள்ளை இருக்கு, ஊசி இருக்கு, தாய்மாமன் இருக்காரு. வேற என்ன வேணும்?"

"மடி இருக்கு" என்றார் சோணைமுத்து. "எந்திரிக்காமத்தான் இருக்கேன்."

வண்டி வடக்கே குலசாமி இருக்கிற திசையைப் பார்த்துத்தான் நின்றது. மொட்டையைக் கோயிலில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். சீர்த்தட்டுகளைக் காரின் முன்பக்க மூடிமேல் வரிசையாகப் பரப்பினார்கள். சத்தமில்லாத வண்டி, உள்ளே குளுகுளுவென்று ஏசி. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சந்தனத்துக்குக் கை நீட்டினார்கள். ஒரு போலீஸ்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து, "வண்டியை எடுங்கய்யா" என்றார். "காது குத்துறப்ப ஆட்டக் கூடாதுங்க சார்" என்றான் குருநாதன். அவரும் பிள்ளை பெற்றவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

இனியா சோணைமுத்துவின் மடியில் உட்கார்ந்தாள். பூசணிக்காயைவிட லேசாக இருந்தாள், ஆனால் கை கால் இருந்தது. "ஒண்ணுமில்லடா கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்ல வந்தவருக்குக் குரல் வரவில்லை. பேச்சியம்மாள் குலவை போட்டாள். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை இரண்டு தடவை வீல் என்றது. சோணைமுத்து நாலு தடவை. பிறகு குழந்தை அவருடைய மீசையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, "மாமா" என்றது. சோணைமுத்துவுக்கு இந்த ஜென்மத்தில் இனி வேறொன்றும் வேண்டியதில்லை.

தங்கப்பாண்டிதான் மெதுவாகக் கேட்டார். "ஏன் மச்சான், பைபாஸ்ல போயிருந்தா எட்டு மணிக்கே கோயில்ல இருந்திருப்பீங்களே. பாலத்தையும் அடைக்காம இருந்திருந்தா நாங்களும் ஒம்பதுக்கெல்லாம் போயிருப்போமே."

வெள்ளைச்சாமி நிதானமாக வெற்றிலையை மடித்தார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க மாப்ளே. சாதாரண பெட்ரோல் வண்டி வாங்கியிருந்தா நாங்க என்ன செஞ்சிருப்போம்? சல்லுனு நேரா கோயிலுக்குப் போயிருப்போம். போய் என்ன பிரயோசனம்? அங்க யாரு இருக்கா? பிள்ளை இங்க இருக்கு. ஆசாரி இங்க இருக்காரு. நீங்க இங்க இருக்கீங்க. மணி பத்தேகால். நாங்க மட்டும் அங்க உக்காந்து மறுபடியும் ஏமாந்திருப்போம். அந்த நாலு லட்சம் இன்னைக்கே திரும்பிருச்சு."

தங்கப்பாண்டி தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

பாண்டீஸ்வரியும் கீழவீட்டில் பிறந்தவள்தான். அவள் புருவத்தைச் சுருக்கி, விரல் மடக்கி, வெகுநேரம் யோசித்தாள். அண்ணன் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இதே வண்டி நாமளும் ஒண்ணு வாங்கிருவோங்க" என்றாள். "ரெண்டு பேருகிட்டயும் இருந்திருந்தா, ஒன்பது மணிக்கே பிள்ளைக்குத் தோடு மாட்டியிருக்கலாம்."